ஆணி இலக்கம் நான்கு

மெற்றீரியல் சயன்ஸ் என்றதும்
பெரிய மாமி கேட்டா:
"புடவைக்கடை வைக்கவோ பிள்ளை,
அதுக்கேன் மாஸ்டர்ஸ்?"
சிரித்துவிட்டேன்.
பிறகு அவவுக்குச் சொல்ல ஒரு வசனம் தேடினேன்,
வரவில்லை.
அதே கேள்விதான் விண்ணப்பத்திலும் கிடந்தது,
ஐந்நூறு சொற்களுக்குள்.

ஸ்ரான்லி வீதியில் பல் வைத்தியருக்கு மேல்மாடி.
முகவர் கோபிராஜின் மேசையில் மூன்று கொடிகள்.
"சின்ன வயசில இருந்தே எண்டு தொடங்குங்கோ,
எல்லாருக்கும் அதுதான் போடுறனாங்கள்."
சின்ன வயதில்
நான் தபால்காரியாக விரும்பினேன்.

முதலாவது, மெல்சியா அக்கா இருக்கிற நகரம்.
படுக்க அறை உண்டு, குளிருக்குச் சட்டை உண்டு.
வீட்டையும் வள்ளத்தையும் விற்றால்
ஒரு தவணை படிக்கலாம்.
இரண்டாவது ஒரே வருடம்.
பொலிமர், நனோ, முகாமைத்துவம்;
பாடப்பட்டியலில் இரும்பைக் காணவில்லை.
மூன்றாவது ஜெர்மனியில்.
ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தேன்.
தரவரிசையில் கீழே கீழே இழுத்து
விரல் களைத்த பிறகு வருகிற பெயர்.
கட்டணம் இல்லை, ஆனால்
ஒரு வருடச் சாப்பாட்டுக் காசை
முன்கூட்டியே கட்டிப் பூட்டிவைக்க வேண்டும்.
அப்பா யூரோவை ரூபாயாக்கிப் பார்த்தார்,
பிறகு கல்குலேற்றரைக் கவிழ்த்து வைத்தார்.

மூன்று இடத்துக்கும் ஒரே கடிதம் எழுதினேன்:
உப்புக்காற்றைப் பற்றி உங்களிடம் யாரும் வேலை செய்கிறார்களா?
இரண்டு இடத்து இயந்திரங்கள் நன்றி சொல்லின.
மூன்றாவதில் ஒரு பேராசிரியை
நாலு வரி போட்டிருந்தா.
நாலாவது வரி கேள்வி:
உங்கள் கூரையில் இரும்பு
எவ்வளவு வேகமாகத் தேய்கிறது?

எனக்குத் தெரியாது.
இருபத்துநாலு வருடம் இதே காற்று.
படலைப் பிணைச்சல் மூன்று தரம் மாற்றியாயிற்று.
சைக்கிள் மட்காட்டை விரலால் குத்தினால்
விரல் மறுபக்கம் வரும்.
அப்பாவின் எஞ்சின் ஆணிகளைக் கழற்ற
மண்ணெண்ணெயும் தூஷணமும் வேண்டும்.
ஆனால் ஓர் எண்
என் கையில் இல்லை.

ஒரே பெட்டியிலிருந்து இரண்டங்குல ஆணி எட்டு.
நாலு எங்கள் மொட்டைமாடியில், கடலேரியைப் பார்த்தபடி.
நாலு கோண்டாவிலில், தர்மிகா வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கு மேல்.
வளாகத்துத் தராசு திருத்தத்துக்குக் கொழும்பு போயிருந்தது.
கஸ்தூரியார் வீதியில் சந்திரமௌலியின் நகைக்கடைக்குப் போனேன்.
கண்ணாடிப் பெட்டிக்குள் ஆணி,
பக்கத்தில் யாரோ ஒருத்தியின் தாலிக்கொடி.
"மில்லிகிராமிலயோ? இரும்பையோ?"
என்னை ஒருமுறை, ஆணியை இருமுறை பார்த்தார்.
பிறகு பில் புத்தகத்தில் எழுதினார்:
ஆணி எட்டு. செய்கூலி இல்லை.

தொண்ணூறு நாள்.
அதற்குள் ஆங்கிலப் பரீட்சை,
பதிலில்லாத இரண்டு வங்கிக் கடிதம்,
கோபிராஜின் ஏழு அழைப்பு:
"தங்கச்சி, கனடா மூடப்போகுது."

துரு பிடித்தால் ஆணி முதலில் பாரம் கூடும்.
துருவைக் கழுவித்தான்
போனது எவ்வளவென்று அறியலாம்.
பிரேமதயாளன் சேரின் ஆய்வுகூடத்தில்
அமிலத்தில் தோய்த்து, துடைத்து, உலர்த்தி
திரும்பவும் சந்திரமௌலியிடம் ஓடினேன்.
கோண்டாவில் ஆணி இழந்தது ஒன்பது மில்லிகிராம்.
குருநகர் ஆணி நாற்பத்தொன்று.
அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:
"பவுண் எண்டால் நான் அழுதிருப்பன்."

அன்றிரவு கேள்விக்குப் பதில் போட்டேன்.
ஐந்நூறு சொல்லுக்குரிய பெட்டிக்குள்
இருநூற்றுப்பத்துச் சொல், ஓர் அட்டவணை.
சின்ன வயதைப் பற்றி எதுவுமில்லை.
மற்ற இரண்டையும் மூடினேன்.
மெல்சியா அக்கா இன்னும் கோபம்.
பூட்டிவைக்கிற காசில் பாதிக்குக்கூட
இன்னும் வழி தெரியாது;
சித்தப்பா சீட்டு எடுக்கிறேன் என்கிறார்,
பார்ப்போம்.

மூன்று ஆணிதான் இறக்கினேன்.
நாலாவது வருடம் முழுக்க நிற்க வேண்டும்.
அம்மா அதில்
நெத்தலி காயப்போடும் வலையின் ஒரு முனையைக் கட்டியிருந்தா.
"அதில கை வைக்காதேங்கோ அம்மா.
மாசி பதினாலாம் திகதி கழற்றி
நகைக்கடைக்குக் கொண்டுபோங்கோ."
அவிழ்த்தபடி கேட்டா:
"அதுக்குள்ள கரைஞ்சு போச்செண்டால்?"
"கரைஞ்ச திகதியை எழுதி வையுங்கோ."